எஃகில் ஒரு விரல் தடம்

அத்தியாயம் 4

எபனேசர் அரத்தை எடுத்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிப் பத்து நிமிடம். கங்கைகொண்டான் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் மாசி வெயிலில் விரிந்து நெட்டி முறித்துக்கொண்டிருந்தன. அம்மையப்பன் ஹீட் ட்ரீட்டர்ஸ் ஆலையின் பரிசோதனை மேசையைச் சுற்றி ஆறு பேர். மேசை மேல் மூன்று ஷாஃப்ட்கள்.

ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். மழைக்கு முந்தைய மேகத்தின் சாம்பல் நிறம். ஒரு நுனியில் சுற்றிலும் பல் வெட்டியிருந்தது. மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் இருட்டில் சுழல வேண்டியவை, இப்போது வெளிச்சத்தில் மல்லாந்து கிடந்தன. மூன்றிலும் சில பற்கள் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தன.

முதல் இரண்டு ஷாஃப்ட்களால் பெரிய சேதமில்லை. வண்டிகள் முனகிக்கொண்டே நின்றுவிட்டன. மூன்றாவது, நேற்று மாலை தாழையூத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோதே சிக்கிக்கொண்டது. சக்கரம் இறுகி நின்றது. ராதாபுரத்துக்காரர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஸ்கூட்டர் கம்பெனி காலையிலேயே ஷாஃப்ட்களையும் ஒரு கடிதத்தையும் அனுப்பிவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் பொறுப்பாளியின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பெயர் நேராகப் போலீசுக்குப் போகும்.

ஆலை முதலாளி அம்மையப்பன் பதிலை அப்போதே தட்டச்சு செய்து வைத்துவிட்டார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதிலிருந்த பெயர், லேப் பொறுப்பாளர் அஸ்ஃபியா. உலையில் வெந்து வரும் ஒவ்வொரு லோடும் தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள். வெளியாள் ஒருத்தர் பார்த்துச் சொல்லிவிட்டால் நியாயமாக இருக்கும் என்றுதான் அம்மையப்பன் வண்ணார்பேட்டையிலிருந்து சித்ரலேகாவை வரவழைத்திருந்தார். இன்சூரன்ஸ் சர்வேயராகப் பத்து வருடம் பொய்களைக் கேட்டுச் சலித்து, பிறகு தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் சித்ரலேகா. கூடவே அவளது உதவியாளன் முஹ்சின். மேலப்பாளையத்தில் ஸ்கூட்டர் மெக்கானிக்காக இருந்தவன். வாயும் ஸ்பேனரும் ஒரே நேரத்தில் ஓடும்.

அரம் முதல் ஷாஃப்டின் உடம்பில் வழுக்கியது. கண்ணாடியில் நகம் போனது போல மெல்லிய ஒலி. ஒரு துகள் உதிரவில்லை.

"கேட்டியளா? இரும்பைத் தின்னுத அரத்துக்கே பல்லு கூசுது," என்றார் எபனேசர். பதினோரு வருடமாக அந்த உலை, ஃபர்னஸ், அவர் பொறுப்பு. "பதம் சரியாத்தான் இருக்கு."

"சரியா இருந்தா ஒரு மனுசன் எதுக்குவே ஆஸ்பத்திரியில கெடக்கான்?" என்றார் சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பொறுப்பாளர் மகாராஜன். கேள்வி எபனேசருக்கு. பார்வை மட்டும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற அஸ்ஃபியா மேல்.

அஸ்ஃபியா இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தாள்.

"உடம்பு போதும். பல்லுப் பக்கம் போங்க," என்றாள் சித்ரலேகா.

எபனேசர் ஒவ்வொரு பல்லாக அரத்தை ஓட்டினார். வழுக்கியது, வழுக்கியது, பிறகு சட்டென்று கடித்தது. 'சரக்' என்ற அந்தச் சத்தத்தில் மகாராஜனின் தோள் குலுங்கியது. மேசையில் வெள்ளித் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. அரம் அடுத்த பல்லுக்குப் போனதும் மறுபடி வழுக்கியது.

மூன்று ஷாஃப்டிலும் அதே கதை. மழுங்கிய அந்த இரண்டு மூன்று பற்களில் மட்டும், ஒரு விரல் நுனி அளவுக்கு, எஃகு பச்சை மரம் போல மெத்தென்று இருந்தது.

முஹ்சின் குனிந்து பார்த்தான். "என்ன மேடம் இது, பச்சப்புள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வச்ச மாதிரி. மூணுக்கும் ஒரே இடத்துல ஒரே சைஸ்."

யாரும் சிரிக்கவில்லை. எபனேசர் அரத்தைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போலக் கீழே வைத்துவிட்டு ஃபர்னஸ் பக்கம் நடந்தார். மகாராஜன் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றினார். அம்மையப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்கடே," என்றார்.

*

லேப் என்பது ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஏசி இருந்தும் அஸ்ஃபியாவின் மேலுதடு வியர்த்திருந்தது.

"எனக்குப் பாடம் எடும்மா. பத்தாம் கிளாஸ் பெயிலுக்குப் புரியுத மாதிரி," என்றான் முஹ்சின்.

"ஷாஃப்ட் முழுசும் கடினமா இருந்தா கண்ணாடி மாதிரி ஒடிஞ்சிரும் காக்கா. உள்ள தாங்கணும், தோலு மட்டும் இறுகணும். ஐந்நூத்து இருபது டிகிரியில அம்மோனியா வாயுவுக்குள்ள நாப்பது மணி நேரம் வைப்போம். வாயு எங்கெல்லாம் தொடுதோ அங்கெல்லாம் தோல் இறுகும்." முஹ்சினை அண்ணனாக வைத்து 'காக்கா' என்றாள் அவள்.

"நுங்கு மாதிரின்னு சொல்லு. வெளிய அருவாளு பாயாது, உள்ள விரல் போகும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. "நான் பொய்யா எழுதல மேடம். ஒவ்வொரு லோடிலயும் கூடையோட நடுவுல இருந்து ஒரு ஷாஃப்டை எடுத்துச் சோதிப்பேன். அத்தனையும் தேறுச்சு. எங்க வாப்பாவுக்கு இன்னும் தெரியாது. அஞ்சு மணிக்கு போலீஸ் வீட்டுக்கு வந்தா..." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"நடுவுல இருந்து," என்று சித்ரலேகா அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டாள். "இந்த மூணும் கூடையில எங்க இருந்தது?"

ஷாஃப்டின் அடியில் எண் குத்தியிருந்தது. லோடு எண், பிறகு கூடையில் அடுக்கிய வரிசை எண். அஸ்ஃபியா வாசிக்க முஹ்சின் கையில் எழுதிக்கொண்டான். 209-01. 214-01. 222-01.

"மூணு பேரும் முதல் பெஞ்சு," என்றான். "நான் அப்பவே சொல்லுவேன், முதல் பெஞ்சுக்காரனை நம்பக் கூடாதுன்னு."

சித்ரலேகா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஏதோ பிடிபட்டால் இமை அடிப்பது நின்றுவிடும். "இந்த மூணு வண்டியும் எங்க வித்தது?"

"திருநெல்வேலியிலதான். பொங்கலுக்கு முன்னால நாங்க அனுப்புன பெட்டியில இருந்த ஷாஃப்டைப் போட்டுத்தான் நெல்லை ஷோரூமுக்கு வண்டி வந்துச்சு. எங்க ஸ்டாஃப் வண்டி பன்னெண்டும் அதே செட்டுதான். சலுகையில குடுத்தாங்க. முதலாளி அண்ணாச்சி முதல் வண்டிக்கு மாலை போட்டு அவரே எடுத்துக்கிட்டாரு. அதுலதான் தினமும் வருதாரு. என்னோடதும் அங்கனதான் நிக்கி."

கதவு திறந்தது. அம்மையப்பன். அறுபது வயது. நெற்றியில் மூன்று திருநீற்றுக் கோடுகளும் சற்றும் கலையாமல் இருந்தன. குரல் மட்டும் கலைந்திருந்தது.

"சித்ரலேகாம்மா, மெத்துன்னு இருக்குன்னு கண்டுபிடிச்சாச்சு. அதை லேப்புல விட்டுட்டாங்க. விஷயம் முடிஞ்சுது. நீங்க சாப்ட்டுட்டுக் கெளம்புங்க. நான் லெட்டர அனுப்பிருதேன்."

"லெட்டருக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கே அண்ணாச்சி."

"எதுக்கு இழுக்கணும்?"

"நாலு வரைக்கும் குடுங்க. சாப்பாடு வேண்டாம்."

அவர் அஸ்ஃபியாவைப் பார்க்காமல் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

"மேடம், காலையில இந்தாளு 'நல்லாத் தோண்டிப் பாருங்க'ன்னாரு," என்றான் முஹ்சின், அவர் போன திசையைப் பார்த்தபடி. "மத்தியானம் மண்வெட்டியப் புடுங்குதாரு."

"வெயில் அப்படி," என்றாள் சித்ரலேகா. கழுவும் கூடத்தை நோக்கி நடந்தாள்.

*

கழுவும் கூடத்தில் பேச்சித்தாய் ஷாஃப்ட்களைச் சூடான சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கையுறை. ஒரு சொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அந்த இடத்தில் வாயு ஏறாது. அதனால் கழுவிய பிறகு வெறுங்கையால் யாரும் தொடக் கூடாது என்பது ஆலையின் சட்டம்.

"யாருமே தொட மாட்டாங்களா?" என்று சித்ரலேகா கேட்டாள்.

"ஒருத்தரும் தொட மாட்டாங்கம்மா. பொட்டு வைக்கயில மட்டுந்தான்."

முஹ்சின் சட்டென்று திரும்பினான். தான் மேசையருகே உளறியது இப்படி எழுந்து நடந்து வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"எந்தப் பொட்டு?" என்றாள் சித்ரலேகா.

"ஒண்ணாம் நம்பருக்கு வைக்கதுதான். கூடை அடுக்கி முடிச்ச பொறவு முதல் ஷாஃப்ட்டோட பல்லுல சந்தனம் குழைச்சு ஒரு பொட்டு, மேல குங்குமம். பிள்ளையாருக்கு. ஃபர்னஸ் வாங்குன நாள்ல இருந்து அண்ணாச்சி கையாலதான். அவரு இல்லன்னா நான் வைப்பேன்."

"அந்த ஷாஃப்ட் வெந்து வெளிய வந்த பொறவு?"

"அது சாமிக்குள்ளதுல்லா? விக்க மாட்டோம். சாமி அலமாரியில வைப்போம். ஆயுத பூசை அன்னைக்கு மொத்தத்தையும் எடுத்து சிற்றாத்துல விட்டுட்டு, திரும்ப முதல்ல இருந்து."

சாமி அலமாரி ஃபர்னஸுக்கு எதிரே இருந்தது. பூட்டு கிடையாது. சாமியை யார் திருடப் போகிறார்கள். பிள்ளையார் படத்துக்குக் கீழே சிவப்புப் பட்டு விரித்து, அதில் சாம்பல் நிற ஷாஃப்ட்கள் வரிசையாக நின்றன. முஹ்சின் எண்ணினான். ஏழு. அடியைத் திருப்பிப் பார்த்தான். 225-01இல் தொடங்கி 231-01இல் முடிந்தது.

"போன ஆயுத பூசைக்குப் பொறவு முதல் லோடு என்ன நம்பர்?" என்று கேட்டான்.

"இருநூத்தி ஆறு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எபனேசர். எத்தனை நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை.

இருநூற்றாறு முதல் இருநூற்று முப்பத்தொன்று வரை இருபத்தாறு. இருப்பது ஏழு. முஹ்சின் கணக்கை விரலில் போட்டு முடிப்பதற்குள் சித்ரலேகா சொல்லிவிட்டாள். "பத்தொன்பது ஷாஃப்ட் சாமிகிட்ட இருந்து எழுந்து போயிருக்கு. மூணு திரும்பி வந்தாச்சு. இன்னும் பதினாறு ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கு."

அந்த எண்ணைக் கேட்டதும் கூடத்தின் சத்தம் எல்லாம் எங்கோ விலகிப் போனது போல இருந்தது முஹ்சினுக்கு. பதினாறு பேர். பால் வாங்கப் போகிறவர்கள், பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவர்கள். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு பொட்டு மெல்லத் தேய்ந்துகொண்டிருக்கிறது.

"உங்களுக்கு அரம் கடிச்ச உடனே தெரிஞ்சிருச்சு," என்றாள் சித்ரலேகா எபனேசரிடம். "ஏன் சொல்லல?"

எபனேசர் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "பொட்டு வச்ச எடத்துல வாயு ஏறாது, அங்கன மெத்துன்னுதான் இருக்கும்னு முதல் வருசமே தெரியும்மா. ஆனா நான் சர்ச்சுக்குப் போறவன். நான் போய் 'உங்க சாமிப் பொட்டால ஷாஃப்ட் கெட்டுப்போகுது'ன்னு சொன்னா எப்படி இருக்கும்? அண்ணாச்சி என் பிள்ளைக்குக் காலேஜ் சீட்டு வாங்கிக் குடுத்தவரு. அதான் ஒதுக்கி வச்சிருதாங்களே, வெளிய போகாதே, பின்ன எதுக்கு வாயத் தொறக்கணும்னு விட்டுட்டேன். பதினோரு வருசமா ஒரு கெடுதியும் வரல."

"மத்தவங்களுக்கு அது சாமி ஷாஃப்ட். உங்களுக்கு மட்டும் மெத்து ஷாஃப்ட்," என்றாள் சித்ரலேகா.

"ஆமா. ஒதுக்கி வைக்கதுல மட்டும் எல்லாருக்கும் ஒரே எண்ணம்."

அவர் ஃபர்னஸுக்குத் திரும்பியதும் முஹ்சின் குரலைத் தாழ்த்தினான். "மேடம், எனக்கு இவரு மேலதான் டவுட்டு. மனசுல இருக்கதை வெளிய விடாத ஆளு. இல்லன்னா மகாராஜன். பெட்டி கட்டுனது அவருதான். கைக்குட்டையப் பிழிஞ்சா ஒரு டம்ளர் வரும்."

"அவரு ரிஜிஸ்தர்ல எண்ணிக்கைதான் இருக்கு, நம்பர் இல்ல. அலமாரிக்குப் பூட்டும் இல்ல. கேட்டா ஒவ்வொருத்தரும் அடுத்தவங்களைக் காட்டுவாங்க. கம்பெனிக்காரங்களும் ஆலை முதலாளி வாயால சொல்லாம ஒரு வண்டியையும் நிறுத்த மாட்டாங்க." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு முப்பத்தைந்து. "கேக்க வேண்டாம் பாய். வண்டிச் சாவியெல்லாம் எங்க இருக்கு?"

"வாசல் கேட்டுல. ஃபர்னஸ் ஏரியாவுக்குள்ள சாவி, போன் எதுவும் கொண்டு போகக் கூடாதாம். பலகையில தொங்குது."

"பன்னெண்டு வண்டியோட ஃபியூஸும் உங்க பையில இருக்கணும். யாரும் பாக்கக் கூடாது."

"மெக்கானிக்கா இருந்தப்போ இதைச் செஞ்சா திருட்டுன்னு சொன்னாங்க," என்றபடி முஹ்சின் நடந்தான்.

*

மூன்றரை மணிக்கு சித்ரலேகா எல்லோரையும் பரிசோதனை மேசையருகே கூட்டினாள். அவள் அப்படி நிதானமாகப் பொய் சொல்வதை முஹ்சின் முன்பும் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு முறையும் அவனுக்கே நம்பத் தோன்றும்.

"விஷயம் தெரிஞ்சுபோச்சு. கெட்டுப்போன ஷாஃப்ட் கொஞ்சம் வெளிய போயிருக்கு. இந்த மூணைத் தவிர மிச்சமெல்லாம் வடக்க போன பெட்டியில இருக்கு. கம்பெனி அங்கயே பிடிச்சிருச்சு. நெல்லையில ஓடுத வண்டி எதுலயும் இல்ல. அதனால நீங்க யாரும் பயப்பட வேண்டாம். ஷிஃப்ட் முடிஞ்சதும் எப்பவும் போல உங்க வண்டியில போங்க."

கூட்டம் மூச்சை விட்டது. பேச்சித்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மையப்பன், "அப்ப லெட்டர்?" என்றார்.

"நாலு மணிக்கு மேல கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி."

வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியில் முஹ்சின் கேட்டான். "எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க. பையில பன்னெண்டு ஃபியூஸ வச்சுக்கிட்டு நடந்தா சலங்கை கட்டுன மாதிரி இருக்கு."

"பொய்யை நம்புறவங்க வண்டியில ஏறிச் சாவியைத் திருப்புவாங்க. ஸ்டார்ட் ஆகாது, ஆபத்தும் இல்ல. ஆனா சாமி அலமாரியில இருந்து எடுத்துப் பெட்டியில வச்ச ஆளுக்கு, அந்தப் பெட்டி வடக்க போகலன்னு தெரியும். நம்ம வண்டிக்குள்ளயே ஒண்ணு இருக்கலாம்னு தெரியும். அந்த ஆளு ஏற மாட்டாரு."

நான்கு மணிச் சங்கு ஊதியது.

முதலில் எபனேசர் வந்தார். முஹ்சின் மூச்சைப் பிடித்துக்கொண்டான். எபனேசர் ஹெல்மெட்டைத் துடைத்தார், மாட்டினார், காலைத் தூக்கி உட்கார்ந்தார், சாவியைத் திருப்பினார். வண்டி பேசாமல் இருந்தது. மறுபடி திருப்பினார். "என்ன எளவு," என்று முனகினார். முஹ்சினின் சந்தேகப் பட்டியலில் ஒரு பெயர் உதிர்ந்தது.

மற்றவர்களும் வந்தார்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சாவி திரும்பியது, ஒரு முனகல் எழுந்தது. மகாராஜன் தூரத்திலேயே நின்று போனைக் காதில் வைத்திருந்தார். பேசுகிறாரா, பேசுவது போல நிற்கிறாரா என்று தெரியவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். முஹ்சின் பைக்குள் இருந்த ஃபியூஸ்களை இறுக்கிப் பிடித்தான், அவை சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்பது போல. மகாராஜன் போனைப் பையில் போட்டார். நேராக வந்தார். உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார்.

"ஏவே, எல்லாருக்கும் ஒண்ணா சார்ஜ் போச்சா?" என்றார் பொதுவாக.

அஸ்ஃபியா கடைசி வரிசையில் தன் நீல வண்டியில் உட்கார்ந்திருந்தாள். ஓடாத வண்டியின் ஹேண்டில் பாரைப் பற்றிக்கொண்டு தலை குனிந்திருந்தாள். போலீசுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்திருக்கும்.

பதினொரு வண்டியில் பதினொரு பேர். பன்னிரண்டாவது வண்டி, வாடிய சாமந்தி மாலையோடு, தனியாக நின்றது.

அம்மையப்பன் வெளியே வந்தார். கையில் அந்த வெள்ளைக் கவர். தன் வண்டியின் அருகே போனார். கண்ணாடியைத் துடைத்தார். சாவியைப் பலகையிலிருந்து அவர் எடுக்கவே இல்லை என்பதை முஹ்சின் அப்போதுதான் கவனித்தான். அவர் நகர்ந்தார். அஸ்ஃபியாவின் வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் கால் நின்றது. வாய் திறந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். திறந்த வாய் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டது.

பிறகு அவர் வாசலைத் தாண்டி, நாற்கரச் சாலையை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

முஹ்சினுக்குச் சொல்ல ஒரு நக்கல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டான்.

*

மான்கள் கடக்கும் இடம் என்ற மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில் அவரை எட்டிப் பிடித்தார்கள். சித்ரலேகா அவசரப்படவில்லை. அவருக்கு இணையாகப் பத்தடி நடந்தாள்.

"வண்டியில போகலையா அண்ணாச்சி?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

"திருநெல்வேலி வரைக்குமா?"

அவர் நின்றார்.

"ஏன் எடுத்தீங்க?" என்றாள் அவள்.

"பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்ன. லாரி வாசல்ல நிக்கி. அந்தப் பிள்ளை அஸ்ஃபியா பத்தொம்பது ஷாஃப்ட்டை வளைஞ்சிருக்குன்னு தள்ளி வச்சிருச்சு. நிமித்த ரெண்டு நாளாகும்னுது. டிரைவர் ஊருக்குப் போகணும்னு நிக்கான். பெட்டி குறைஞ்சா அடுத்த ஆர்டர் கெடையாது." அவர் கவரை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "சாமி முன்ன போய் நின்னேன். அலமாரியில பத்தொம்பது இருந்துச்சு. எண்ணிப் பாருங்க, சரியா பத்தொம்பது. அவரே எடுத்துக் குடுக்காருன்னு தோணிச்சு. சத்தியமாச் சொல்லுதேன், மெத்துன்னு இருக்கும்னு எனக்குத் தெரியாது. தெய்வத்துக்கு முன்ன நின்ன இரும்பு, மத்ததை விட ஒரு படி மேலன்னுதான் நெனச்சேன். பதினோரு வருசத்துல ஒருத்தன் எங்கிட்டச் சொல்லலயே."

"சொன்னா உங்க மனசு நோகும்னு சொல்லல."

அம்மையப்பன் தலை குனிந்துகொண்டார்.

"பொங்கலுக்குச் செஞ்சது தெரியாம செஞ்சது அண்ணாச்சி," என்றாள் சித்ரலேகா. குரல் உயரவில்லை. "மத்தியானம் பன்னெண்டேகாலுக்கு அரம் கடிச்சப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. பாய் பொட்டுன்னு சொன்னதும் தண்ணி கேட்டீங்க. அப்ப இருந்து நாலு மணி வரைக்கும் பதினாறு பேரு ரோட்டுல. ஒரு போன் பண்ணல. உங்க வண்டியில மட்டும் ஏறல."

அவரது நெற்றியின் கோடுகளில் ஒன்று வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்பப் பண்ணுங்க," என்றாள்.

அவர் போனை எடுத்தார். ஸ்கூட்டர் கம்பெனியின் தர அதிகாரி எடுத்தவுடன், "நான் அம்மையப்பன் பேசுதேன். நம்பர் சொல்லுதேன், எழுதிக்கோங்க. இந்த வண்டியெல்லாம் உடனே நிக்கணும்," என்றார். "இருநூத்தி ஆறு, ஒண்ணு. இருநூத்தி ஏழு, ஒண்ணு..." சாலையோரத்தில் நின்று, ஒரு அர்ச்சனை போல, இருநூற்று இருபத்து நான்கு வரை விடாமல் சொன்னார். மறுமுனை ஏதோ கேட்டது. "லேப்புல தப்பில்ல. வச்சது நான். என் பேரை எழுதுங்க," என்றார்.

*

பட்டியல் நாலு இருபதுக்கு லேப் கணினியில் வந்து விழுந்தது. பதினாறு வண்டி எண்கள், உரிமையாளர் பெயர்கள், தொலைபேசி எண்கள். அஸ்ஃபியா, மகாராஜன், முஹ்சின் மூவரும் ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

வாழைத்தாரோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் முதலில் திட்டினார், பிறகு வண்டியை ஓரங்கட்டினார். ஓர் ஆசிரியை பள்ளி வாசலிலேயே சாவியை எடுத்துவிட்டார். விக்கிரமசிங்கபுரத்துக்காரர் போனை எடுக்கவேயில்லை. முஹ்சின் ஏழு முறை அடித்தான். எட்டாவது முறை எடுத்தவர், "தூங்கிட்டு இருந்தேம்பா, மில்லுல நைட் ஷிஃப்ட்டு," என்றார். முஹ்சின், "அல்லா உங்களுக்கு இன்னும் நல்ல தூக்கத்தைக் குடுக்கட்டும் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சரிந்தான்.

நாலு ஐம்பதுக்கு அவன் கோடு போட்டு எண்ணினான். "பதினஞ்சு பேருக்குச் சொல்லியாச்சு. ஒண்ணு பாக்கி. அது யாருட்ட இருக்கு?"

"எங்கிட்ட," என்றாள் அஸ்ஃபியா. "அவங்களுக்குப் போன் பண்ண வேண்டாம்."

"ஏன், அவங்க வண்டி மட்டும் ஆகாசத்துலயா ஓடுது?"

"அது நான்தான் காக்கா."

அவள் எழுந்து வெளியே போனாள். தன் நீல வண்டியின் இருக்கையைத் திறந்து சாப்பாட்டுப் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். அம்மையப்பன் வாசலில் நின்று அதைப் பார்த்தார். கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரது கையிலிருந்த வெள்ளைக் கவர் நான்காகக் கிழிந்திருந்தது.

"உன் பக்கத்துல வந்து நின்னேனே," என்றார். குரல் உடைந்திருந்தது. "சொல்லத்தான் வாயெடுத்தேன் தாயி."

"பாத்தேன் அண்ணாச்சி."

"வீட்டுல இருந்து கார வரச் சொல்லியிருக்கேன். இந்தா வந்துரும். உன்னய வீட்டுல எறக்கி விட்டுட்டு, உங்க வாப்பாகிட்டயும் ஒரு வார்த்தை..."

அஸ்ஃபியா குடையை விரித்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை.

"நான் பஸ்ல போய்க்கிடுதேன்," என்றாள். "நீங்க போக வேண்டிய ஸ்டேஷன் எதிர்ப்பக்கம்லா இருக்கு."